மதிப்பும் மதிப்பீடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

தமிழ்ச் சங்கத்தின் மேடையில் நின்று ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். இது முறையோ என்று சிலர் ஐயுறக்கூடும். கம்பனையும் இளங்கோவையும் விட்டுவிட்டு இவர் ஏன் அங்கே போகிறார் என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புலவர் பெருமக்கள் புருவத்தை உயர்த்துவதும் எனக்குத் தெரிகிறது. போகிற வழி ஆங்கிலமாயினும் திரும்பி வருகிற இடம் தமிழே என்று அவர்களுக்கு உறுதி கூறுகிறேன். இந்த ஜம்ஷெட்பூரில் தொழிற்கூடமும் பள்ளிக்கூடமும் ஆங்கிலச் சொற்களாலேயே நிறைந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றன் பொருளைத் தவறாக விளங்கிக்கொண்டு நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதை இன்று உங்கள்முன் ஒப்புக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

அந்தச் சொல் ‘அண்டர்எஸ்டிமேட்’. குறைத்து மதிப்பிடுதல் என்பது அதன் பொருள். இதில் விளக்க என்ன இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியுமே என்பீர்கள். தெரிந்த சொல்லில்தான் கால் இடறும். தெரியாத சொல்லுக்கு நாம் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிடுகிறோம் அல்லவா?

முதலில் அதன் வேரைக் காண்போம். இலத்தீன் மொழியில் ‘ஈஸ்திமாரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. ஒரு பொருளின் விலையை, தகுதியை நிறுத்துச் சொல்லுதல் என்பது அதன் கருத்து. அதன் வழியில் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் பிறந்தன. ஒன்று எஸ்டிமேட், அளவையோ விலையையோ கணித்தல். மற்றொன்று எஸ்டீம், ஒருவர்பால் கொள்ளும் நன்மதிப்பு. மூன்றாவது ‘எய்ம்’, குறி பார்த்தல். அம்பு எய்பவனும் தொலைவை மதிப்பிட்டுத்தானே எய்கிறான்? பின்னிரண்டும் பிரெஞ்சு மொழியின் வாயிலாக வந்ததனால் வடிவம் மாறி நிற்பினும், இம்மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

இனித் தமிழுக்கு வாருங்கள். ‘இந்த வீட்டின் மதிப்பு என்ன?’ என்று கேட்கிறோம். ‘ஊரில் அவருக்கு நல்ல மதிப்பு’ என்றும் சொல்கிறோம். முன்னது விலை, பின்னது மரியாதை. இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் எஸ்டிமேட் என்றும் எஸ்டீம் என்றும் பிரிந்துபோன உடன்பிறப்புகள் நம் மொழியில் இன்னும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. ஆகவே தமிழன் ஒருவன் மற்றொருவரைக் குறைத்து மதிப்பிடும்போது கணக்கில் மட்டும் பிழை செய்வதில்லை; மரியாதையிலும் பிழை செய்துவிடுகிறான். இந்த உண்மையை மறவாமல் மேலே செல்வோம்.

மாணவர்களுக்காக இச்சொல்லின் சுற்றத்தாரையும் அறிமுகம் செய்கிறேன். அளவிலோ வலிமையிலோ குறைவாகக் கணித்தால் ‘அண்டர்எஸ்டிமேட்’. பகைவரின் படைபலம், கட்டடத்தின் செலவு, தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். தர வரிசையில் தகுதிக்குக் கீழே வைத்தால் ‘அண்டர்ரேட்’. நல்ல பாடகர் ஒருவருக்கு உரிய புகழ் கிட்டாதபோது இதைச் சொல்வர். பயனையோ விலையையோ குறைவாகக் கொண்டால் ‘அண்டர்வேல்யூ’. ‘மிஸ்ஜட்ஜ்’ என்பதோ கூடுதலா குறைவா என்று சொல்லாது. கணிப்பு தவறிற்று என்று மட்டுமே சொல்லும். உயர்ந்து வரும் பந்தின் கீழே சரியாக நிற்பதாக எண்ணிக் கையேந்தி நிற்க, பந்து பின்னால் போய் விழுகிறதே, அந்த ஆட்டக்காரர் செய்தது மிஸ்ஜட்ஜ்.

உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. பெயர்ச்சொல்லாக வரும்போது ஈற்றசை குறுகி ‘எஸ்டிமிட்’ என்பதுபோல் ஒலிக்கும். வினைச்சொல்லாக வரும்போது நீண்டு ‘எஸ்டிமெய்ட்’ என்றாகும். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்கள் இதனைக் கவனித்தல் நலம்.

இப்போது குழியைக் காட்டுகிறேன். ஒருவருடைய தொண்டைப் பாராட்ட விரும்புகிறோம். ‘அவருடைய தொண்டைக் குறைத்து மதிப்பிட முடியாது’ என்று தமிழில் நினைத்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து, ‘கெனாட் பி அண்டர்எஸ்டிமேடட்’ என்று எழுதிவிடுகிறோம். அந்த ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் ஆராய்ந்தால் என்ன பொருள் வருகிறது? ‘எவ்வளவு குறைவாக மதிப்பிட்டாலும் அது குறைவான மதிப்பீடு ஆகாது’ என்றே வருகிறது. அதாவது, அவர் தொண்டு பூஜ்யம் என்றாலும் அதுவே சரியான கணக்கு என்றாகிறது! பாராட்ட வந்தவர் பழித்துவிட்டுப் போகிறார்.

அங்கே எழுத வேண்டியது ‘ஓவர்எஸ்டிமேடட்’. எவ்வளவு உயர்த்தி மதிப்பிட்டாலும் அது மிகையாகாது என்பது அதன் பொருள். அல்லது, ‘முடியாது’ என்னும் ‘கெனாட்’டை நீக்கிக் ‘கூடாது’ என்னும் ‘மஸ்ட் நாட்’டை இட்டால் ‘அண்டர்எஸ்டிமேடட்’ சரியாகிவிடும். தமிழில் இந்தத் தொல்லை நமக்கு எழுவதில்லை. நம் பேச்சில் ‘முடியாது’ என்னும் சொல் பல வேளைகளில் ‘கூடாது’ என்னும் பொருளையும் சேர்த்தே சுமக்கிறது. ‘பெரியவர் எதிரில் அப்படியெல்லாம் பேச முடியாது’ என்றால் நாக்கு எழாது என்பதா பொருள்? பேசலாகாது என்பதே. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்திற்குள் நுழைகிறோம், இடறுகிறோம்.

நாம் மட்டும் இடறுவதாக எண்ணி வருந்த வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் பத்திரிகைகளில் இதே குழியில் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஆர்க்கன்சா மாநிலத்துப் பென்டன்வில் நகரில் பேசுகையில், எதிரிகள் தம்மை ‘மிஸ்அண்டர்எஸ்டிமேட்’ செய்துவிட்டதாகக் கூறினார். குறைத்து மதிப்பிட்டதோடு நில்லாமல், குறைத்து மதிப்பிடுவதையும் தவறாகச் செய்துவிட்டார்கள் போலும்! உலகம் நகைத்தது. அவரோ நாணவில்லை. 2009-ஆம் ஆண்டு சனவரியில் பதவியைவிட்டு விலகுமுன் நிருபர்களைச் சந்தித்தபோது, அதே சொல்லைத் தாமே நகைச்சுவையாக எடுத்தாண்டார்.

சொல் நிற்க. செயலைக் காண்போம். மனிதர்கள் எதையெல்லாம் குறைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள்!

1492-இல் மேற்கு நோக்கிக் கலம் செலுத்திய கொலம்பஸை அக்காலத்து அறிஞர்கள் குறைத்து மதிப்பிட்டனர் என்று பலர் சொல்வர். உண்மை வேறு. உலகம் உருண்டை என்பதை அந்த அறிஞர்களும் அறிந்திருந்தனர். குறைத்து மதிப்பிட்டவர் கொலம்பஸே. அவர் குறைத்து மதிப்பிட்டது உலகின் சுற்றளவை. மேற்கு வழியே ஜப்பான் உள்ள தொலைவை உண்மையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அவர் கணக்கிட்டார். நடுவில் ஒரு கண்டம் குறுக்கிடாதிருந்தால் உணவும் நீரும் தீர்ந்து நடுக்கடலிலேயே மாண்டிருப்பார்கள்.

நாம் வாழும் இவ்வூரின் கதையும் இதுவேதான். சுவர்ணரேகையும் கர்காயும் கூடுமிடத்தில், சாக்சி என்னும் சிற்றூரில், இந்தியர் முதலீட்டில் எஃகு ஆலை எழப் போகிறது என்றபோது நம்பாதவர் பலர். அக்காலத்து இரயில்வேயின் உயர் அதிகாரியான சர் ஃபிரெடரிக் அப்காட், தங்கள் தரத்திற்கேற்ற தண்டவாளத்தை இவர்கள் செய்துவிட்டால் அதன் ஒவ்வொரு இராத்தலையும் தாம் தின்றுவிடுவதாகச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1907-இல் கம்பெனி பதிவாயிற்று. 1912-இல் எஃகு வார்க்கப்பட்டது. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 1,500 மைல் நீளத் தண்டவாளங்கள் இங்கிருந்து சென்றன. 1919-இல் அன்றைய வைசிராய் செம்ஸ்ஃபோர்டு பிரபு இங்கு வந்து நன்றி கூறி, சாக்சிக்கு ஜம்ஷெட்பூர் என்று பெயரிட்டார். அப்காட் சொன்ன சொல்லைக் காத்திருந்தால் அவருக்குச் செரிமானக் கோளாறு வந்திருக்கும் என்று தோராப்ஜி டாட்டா நகைத்ததாகவும் சொல்வர்.

கணிதமேதை இராமானுஜனை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. கல்லூரித் தேர்வில் தோற்று, சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். கேம்பிரிட்ஜின் பெரிய கணித அறிஞர்கள் இருவருக்குத் தம் ஆய்வுகளை அனுப்பினார், பயன் விளையவில்லை. 1913-இல் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டியும் முதலில் ஐயுற்றவரே. யாரோ ஏமாற்றுக்காரனின் வேலையோ என்று எண்ணியவரே. ஆயினும் அந்தத் தாள்களை அவர் மூலையில் எறிந்துவிடவில்லை. நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து மறுபடியும் பார்த்தார். தம் முதல் கணிப்பைத் தாமே திருத்திக்கொண்டார். ஹார்டியின் பெருமை முதல் பார்வையில் இல்லை. அந்த இரண்டாம் பார்வையில் இருக்கிறது. 1918-இல் இராமானுஜன் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

பெரியோர் கதை போதும். என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1971-ஆம் ஆண்டு, இருபத்து மூன்று வயதில், பொறியியல் பட்டத்தோடு இவ்வூர் வந்து இறங்கினேன். ஒரு தொழிற்கூடத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை. எங்கள் பிரிவில் கலாசிகளின் தலைவர் ஒருவர் இருந்தார். கனத்த எந்திரங்களைச் சங்கிலியாலும் கம்பிவடத்தாலும் கட்டித் தூக்கி இறக்குகிறவர்களுக்கு இங்கே கலாசி என்று பெயர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் இம்மண்ணின் மைந்தர், சந்தால் குடியினர். கையெழுத்திடத் தெரியாது, பெருவிரல் பதிப்பார். எல்லோரும் அவரைத் ‘தாதா’ என்றே அழைப்போம்.

1974-இல் ஒரு நாள், பழைய எண்ணெய்த் தொட்டி ஒன்றை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. வரைபடத்தைப் பார்த்தேன், தொட்டியின் எடை 4 டன். அதற்கேற்ற கம்பிவடத்தைக் கட்டச் சொன்னேன். தாதா கடப்பாரையைத் தொட்டியின் அடியில் ஒரு மூலையில் செருகி லேசாக நெம்பிப் பார்த்தார். மற்றொரு மூலைக்குப் போய் அங்கும் நெம்பினார். என்னிடம் வந்து, “சாஹேப், இது நாலு இல்லை. வயிற்றில் ஏதோ இருக்கிறது. அதுவும் ஒரு பக்கமாக இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டுத் தூக்குவோம்” என்றார்.

என் கையில் வரைபடம் இருந்தது. அவர் கையில் கடப்பாரை இருந்தது. நான் வரைபடத்தை நம்பினேன். “தூக்குங்கள்” என்றேன்.

ஒரு முழ உயரம் எழுந்ததும் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வடம் நழுவிற்று. கீழே நின்றிருந்த இளைஞன் ஒருவனைத் தாதா பிடித்து அப்பால் தள்ளினார். அவன் பிழைத்தான். தாதாவின் இடக்காலில் இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. பிறகு திறந்து பார்த்தோம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த எண்ணெய்க் கசடு ஒரு பக்கத்தில் கல்லாய் இறுகிக் கிடந்தது. நிறுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 7 டன்.

விபத்து அறிக்கையை நான்தான் எழுதினேன். ‘வடம் நழுவியதால் விபத்து’ என்று எழுதினேன். அது பொய்யன்று. ஆனால் தாதா முன்கூட்டியே எச்சரித்தார் என்பதை எழுதவில்லை. எழுதியிருந்தால் பிழை யாருடையது என்பது வெளிப்பட்டிருக்கும்.

1989-இல் தாதா ஓய்வு பெற்றார். பிரிவுபசாரப் பத்திரம் எழுத வேண்டும் என்றார்கள். ஆங்கிலம் நன்றாக எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தமையால் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் உள்ளம் உருகித்தான் எழுதினேன். பழைய கடனையெல்லாம் தீர்த்துவிடுவதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். கடைசி வரியில், ‘அவருடைய சேவை கெனாட் பி அண்டர்எஸ்டிமேடட்’ என்று முடித்தேன். கண்ணாடிச் சட்டமிட்டு மாலையோடு அளித்தோம். தாதா அதை வீட்டுச் சுவரில் மாட்டினார். இருபத்திரண்டு ஆண்டுகள் அது அங்கேயே தொங்கிற்று.

2011-இல் அவருக்கு உடல் நலமில்லை என்று கேள்வியுற்றுப் பார்க்கச் சென்றேன். அவருடைய பேத்தி அப்போது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அங்கிள், இந்தப் பத்திரத்தை நீங்கள்தான் எழுதினீர்கள் என்று தாத்தா சொல்வார். கடைசி வரியில் எழுதியிருப்பதுதான் நீங்கள் சொல்ல நினைத்ததா?”

சட்டத்தைப் பார்த்தேன். பொருள் புரிந்தது. நா வறண்டது. ‘மகளே, அது இலக்கணப் பிழை’ என்று சொல்லித் தப்பியிருக்கலாம். உண்மையில் அது இலக்கணப் பிழைதான். ஆனால் 1974-இல் நான் அவரை அளந்த அளவை அந்த வரி அச்சம் இல்லாமல் அப்படியே சொல்லிவிட்டது. எவ்வளவு குறைவாக மதிப்பிட்டாலும் தகும் என்றுதானே அன்று நான் நடந்துகொண்டேன்?

நெடுநாள் என் மனத்துக்கு நான் ஒரு சமாதானம் சொல்லி வந்தேன்: ‘நான் அவரை இகழவில்லை, அளப்பதில்தான் தவறினேன்’ என்று. அந்தச் சமாதானம் அன்று நிற்கவில்லை. பட்டம் பெற்ற ஒருவர் அதே எச்சரிக்கையைச் சொல்லியிருந்தால் தொட்டியைத் திறந்து பார்த்திருப்பேன். ஆகவே என் அளவுகோலில் முன்பே ஓர் இகழ்ச்சி ஒளிந்திருந்தது. உருவத்தின் சிறுமையைக் கண்டு யாரையும் எளிதாக எண்ணலாகாது, பெருந்தேர் உருள்வது சிறிய அச்சாணியால் என்று வள்ளுவர் 667-ஆம் குறளில் உரைத்தார். அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியவன் நான்.

அடுத்த வாரம் மீண்டும் சென்றேன். புதிய பத்திரம் ஒன்று எழுதி எடுத்துச் சென்றேன். இம்முறை அவருக்குக் கேட்டால் விளங்கும் இந்தியில். அதில் புகழுரை அதிகம் இல்லை. தொட்டியின் எடை 4 டன் என்று பொறியாளர் சொன்னதையும், அதற்கு மேல் என்று தாதா சொன்னதையும், நிறுத்தபோது 7 டன் இருந்ததையும், பொறியாளர் அதை அறிக்கையில் மறைத்ததையும் எழுதி, என் பெயரை இட்டுக் கையொப்பமிட்டிருந்தேன். பேத்தி உரக்கப் படித்தாள். தாதா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியின் பக்கம் திரும்பி, “அந்தத் தொட்டி வரியை இன்னொரு முறை படி” என்றார்.

அன்பர்களே! பொறியாளர்களாகிய எங்களுக்கு அலுவலகத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. போட்ட எஸ்டிமேட் போதாதென்று தெரிந்தால் ‘ரிவைஸ்டு எஸ்டிமேட்’ என்னும் திருத்திய மதிப்பீட்டை அனுப்புவோம். சிட்னி நகரத்து ஆப்பரா மாளிகைக்கு முதலில் 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று கணக்கிட்டார்கள். 1973-இல் முடிந்தபோது ஆன செலவு 10 கோடியே 20 இலட்சம். அதற்காக மாளிகையை இடித்துவிடவில்லை, கணக்கைத்தான் திருத்தினார்கள். கல்லுக்கும் இரும்புக்கும் திருத்திய மதிப்பீடு எழுதத் தயங்காத நாம், மனிதர்களுக்கு மட்டும் முதல் நாள் போட்ட கணக்கையே கடைசிவரை வைத்துக்கொள்கிறோம்.

நம் காலனியையே பாருங்கள். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு ஒரு கணக்கு எழுதிவிடுகிறோம். கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து, இந்தி தெரியாமல் வாயிலில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு ஒரு கணக்கு. நம் வீட்டுப் பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்கு ஒரு கணக்கு. நமக்கு இடம் தந்த இம்மண்ணின் மக்களுக்கு ஒரு கணக்கு. இவற்றுள் எத்தனையை நாம் நெம்பிப் பார்த்து எழுதினோம்? எத்தனையை வரைபடத்தைப் பார்த்து எழுதினோம்?

குறைத்து மதிப்பிடாத மனிதர் எவரும் இல்லை. ஹார்டியும் ஐயுற்றார், நானும் தவறினேன். அவர் அன்றே திருத்திக்கொண்டார். எனக்கு முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை. இன்று இல்லம் திரும்பியதும், உங்கள் மனக் கணக்கேட்டில் யாருக்கேனும் ஒரு திருத்திய மதிப்பீடு எழுத வேண்டியிருக்கிறதா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எழுத வேண்டியிருந்தால், அவர் கேட்டு விளங்கிக்கொள்ளும் மொழியில் எழுதுங்கள். அவர் காதில் விழும் நாளிலேயே எழுதுங்கள்.